ஏழு ஐம்பத்திரண்டுக்குப் பிறகு

தன் அறுபத்தோராவது வயதில் பகவதிப்பெருமாள் முதல் முறையாக ஒரு பொய்ப் பெயர் கொடுத்தார். விழிஞத்திலிருந்து ஆட்களைப் படகில் தூண்டில் போடக் கூட்டிப்போகும் பிச்சைக்கனி என்பவருக்கு வாட்ஸாப்பில் எழுதினார். தன் பெயர் பிச்சுமணி, வியாழக்கிழமை காலை ஒரு ஆள் மட்டும் வர வேண்டும் என்று. உண்மையான பிச்சுமணி அவரோடு பத்திரப்பதிவு அலுவலகத்தில் வேலை பார்த்தவர்; ஓய்வு பெற்று மகளோடு துபாய்க்குப் போய்விட்டார். அரை மணி நேரத்தில் பதில் வந்தது. காலை ஆறு மணிக்கு ஹார்பருக்குள் ஐஸ் பிளாண்டுக்கு எதிரில் வரவும், தொப்பி எடுத்துக்கொள்ளவும், நீச்சல் தெரியுமா?

நீச்சல் தெரியுமா என்று கேட்டதை அவர் இரண்டு முறை படித்தார். தெரியும் என்று பதில் போட்டார். தெரியாது.

அவருடைய தம்பி பத்மகுமார் மூன்று மாதத்துக்கு முன், நவம்பரில், இதே பிச்சைக்கனியின் படகில் இறந்துபோனான். ஐம்பத்து நான்கு வயது. மாரடைப்பு என்று பிரேதப் பரிசோதனை சொன்னது. அதில் பகவதிப்பெருமாளுக்குச் சந்தேகம் இல்லை. அவர்கள் அப்பாவும் அதே வயதில், அதே மாதிரிப் போனவர்தான். நேரத்தில்தான் சந்தேகம்.

போலீஸில் பிச்சைக்கனி எழுதிக் கொடுத்த வாக்குமூலத்தின் நகலை அவர் கேட்டு வாங்கியிருந்தார். ஒன்பது இருபதுக்கு நெஞ்சு வலி வந்தது, உடனே திரும்பினோம், வழியில் உயிர் போய்விட்டது, பத்து ஐந்துக்கு ஹார்பர் வந்தோம் என்று அதில் இருந்தது. ஆனால் பத்மகுமார் கையில் நாடித் துடிப்பைப் பதிவு செய்யும் வாட்ச் கட்டியிருந்தான். காரியங்கள் முடிந்து ஒரு மாதம் கழித்து, தம்பி மனைவி ஸ்மிதா அவனுடைய போனை அவரிடம் கொடுத்து, அதிலுள்ள இன்ஷூரன்ஸ் விவரங்களை எடுத்துத் தரச் சொன்னாள். அப்போதுதான் அவர் அந்தப் பதிவைப் பார்த்தார். ஏழு நாற்பதுக்குத் துடிப்பு ஏறுகிறது. ஏழு ஐம்பத்திரண்டுக்கு நிற்கிறது. அதற்குப் பிறகு எட்டு இருபத்தைந்து வரை விட்டுவிட்டுச் சில தாறுமாறான எண்கள். பிறகு ஒன்றுமில்லை.

அப்படியானால் ஏழு ஐம்பத்திரண்டிலிருந்து பத்து ஐந்து வரை என் தம்பியை வைத்துக்கொண்டு அந்த ஆள் கடலில் என்ன செய்துகொண்டிருந்தான்?

இதை ஸ்மிதாவிடம் கேட்டார். அவள் நெய்யாற்றின்கரைக்காரி, பள்ளி ஆசிரியை. கல்யாணத்துக்குப் பிறகு தமிழ் படித்துக்கொண்டவள். கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "சேட்டா, அது விட்டேக்கு. போனவர் போயாச்சு," என்றாள். முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. அன்றிலிருந்து அவருக்கு ஸ்மிதா மேலும் ஒரு சந்தேகம் விழுந்துவிட்டது.

வீட்டில் அவர் மனைவி சூடாமணி வேறு விதமாகச் சொன்னாள். உயிரோடு இருந்தபோது நாலு வருஷம் பேசவில்லை, இப்போது அவனுக்காகத் துப்பறியப் போகிறீர்களா என்று கேட்டாள். நாலு வருஷத்துக்கு முன் அவர்களுடைய அம்மா இறந்த அன்று பத்மகுமார் கடலில் இருந்தான். போனை அணைத்து வைத்துவிட்டுத் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தான். தைக்காட்டுச் சுடுகாட்டில் எல்லாம் முடிந்து சாம்பல் ஆறத் தொடங்கியபோது, மீன் வாடை அடிக்கும் சட்டையோடு ஓடி வந்தான். பகவதிப்பெருமாள் அத்தனை பேர் முன்னாலும் அவனைத் திரும்பிப் போகச் சொன்னார். கரமனையில் தன் வீட்டில் மனைவியோ மகனோ யாரும் அவன் வீட்டுக்குப் போகக் கூடாது, போனால் திரும்பி வர வேண்டாம் என்றும் சொன்னார். சொன்னதை மாற்றிக்கொள்கிற வழக்கம் அவருக்கு இல்லை.

வியாழக்கிழமை ஐந்தே முக்காலுக்கே அவர் ஹார்பரில் இருந்தார். இரவு வலைக்குப் போன வள்ளங்கள் கரைக்கு வந்து, ஏலம் கூவும் குரல் ஒரு பக்கம் கேட்டது. அந்தப் பக்கம் புதுத் துறைமுகத்தின் கிரேன்கள் விளக்கோடு வரிசையாக நின்றன. டீக்கடையில் ஒரு கட்டஞ்சாயா வாங்கிக்கொண்டு, நவம்பரில் இங்கே ஒரு படகில் ஆள் இறந்துபோனாராமே என்று கடைக்காரரிடம் பேச்சுக் கொடுத்தார். கடைக்காரர் தனக்கு ஒன்றும் தெரியாது என்றார். சொல்லும்போது அவர் கண் ஐஸ் பிளாண்டுக்கு எதிரில் கட்டியிருந்த ஒரு வெள்ளைப் படகுக்குப் போய்த் திரும்பியது.

பிச்சைக்கனிக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். பூவாரில் வீடு, தாய் வழியில் குளச்சல். ஒடிசலான உடம்பு, நரைத்த தாடி. கை கொடுக்கும்போது பகவதிப்பெருமாளின் முகத்தை ஒரு வினாடி அதிகமாகப் பார்த்தது போல இருந்தது. பிறகு ஒரு ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட்டை எடுத்து, அவர் வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல், வார்களைத் தானே இறுக்கினார். பிரஷர் உண்டா, ஷுகர் உண்டா, நெஞ்சில் எப்போதாவது வலி வந்ததுண்டா என்று வரிசையாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் இல்லை என்றார் பகவதிப்பெருமாள். பையில் பிரஷர் மாத்திரை இருந்தது.

படகில் அவர்கள் இரண்டு பேர் மட்டும்தான். பின்னால் எஞ்சினைப் பிடித்துக்கொண்டு பிச்சைக்கனி உட்கார்ந்தார். அலைத்தடுப்புச் சுவரைத் தாண்டியதும் படகு தூக்கிப் போட்டது. பகவதிப்பெருமாள் வாட்சைப் பார்த்து நேரத்தை மனதில் குறித்துக்கொண்டார். ஆறு பன்னிரண்டு.

எத்தனை வருஷமாக இந்தத் தொழில் என்று கேட்டார். பதினோரு வருஷம். ஆபத்து ஏதாவது நடந்திருக்கிறதா? கடல் என்றால் ஆபத்து இல்லாமல் இருக்குமா என்றார் பிச்சைக்கனி. ஆள் யாராவது இறந்ததுண்டா? உண்டு, ஒரே ஒரு ஆள் என்றார். பிறகு ஒரு தூண்டில் ராடை எடுத்து நுனியில் மீன் வடிவத் தகரத்தைக் கட்டத் தொடங்கினார்.

முதல் இடம் பாறைத் திட்டுக்குப் பக்கத்தில். தகரத்தை எறிந்து, அடியில் தட்டியதும் வேகமாக மேலே இழுத்து, நிறுத்தி, மறுபடி இழுக்க வேண்டும். பிச்சைக்கனி செய்து காட்டினார். பகவதிப்பெருமாளுக்கு மீனில் மனம் இல்லை. படகின் தரையையும் பெட்டிகளையும் கயிற்றுச் சுருளையும் பார்த்துக்கொண்டிருந்தார். தம்பி எங்கே உட்கார்ந்திருப்பான், எங்கே சாய்ந்திருப்பான்? இந்த ஆள் அவனிடமிருந்து எதையாவது எடுத்தானா? அல்லது அவன் இறந்த பிறகும், போன காரியத்தை முடிக்காமல் திரும்ப முடியாத ஏதோ ஒரு வேலை இவனுக்குக் கடலில் இருந்ததா? வெளியே நங்கூரமிட்ட கப்பல்களிலிருந்து சாமான் கை மாறுகிறது என்று யாரோ பேசிக் கேட்டிருந்தார். தம்பியை ஒரு தார்ப்பாயில் மூடி வைத்துவிட்டு இவன் கப்பல் ஓரம் போய் நின்றிருப்பான் என்று நினைத்துக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து ராட் வளைந்தது. ரீல் கத்திக்கொண்டு தூண்டில் நரம்பை விட்டது. அவர் பயந்துபோய் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பிச்சைக்கனி பின்னால் வந்து அவர் முதுகை ஒரு கையால் தாங்கி, இழுக்க வேண்டாம், ஓடட்டும், அது களைத்ததும் சுற்றுங்கள் என்று நிதானமாகச் சொன்னார். பத்து நிமிஷம் ஆனது. நாலு கிலோ வரும் பாறை மீன் ஒன்று வெள்ளித் தட்டு மாதிரி பக்கவாட்டில் மேலே வந்தது. தன் முகத்தில் சிரிப்பு இருக்கிறது என்பதைப் பகவதிப்பெருமாள் கொஞ்சம் தாமதமாகத்தான் உணர்ந்தார். உடனே அதை அடக்கிக்கொண்டார். பிச்சைக்கனி அதைக் கவனித்தது தெரிந்தது.

"இன்னும் கொஞ்சம் வெளியே போவோம்," என்று சொல்லிவிட்டு அவர் எஞ்சினை முடுக்கினார்.

கரை பின்னால் போய், தென்னை வரிசை ஒரு கோடானது. கலங்கரை விளக்கம் விரல் அளவுக்குச் சுருங்கியது. பக்கத்தில் வேறு படகு எதுவும் இல்லை. பகவதிப்பெருமாள் பாக்கெட்டுக்குள் போனைத் தடவிப் பார்த்தார். சிக்னல் ஒரு கோடு வந்து வந்து போனது. வீட்டில் யாருக்கும் சொல்லாமல் வந்தது புத்தியில்லாத வேலை என்று இப்போது பட்டது. பிச்சுமணி என்ற பெயரில் ஒருவர் கடலில் விழுந்தால், கரமனையில் யாரைப் போய்க் கேட்பார்கள்?

பிச்சைக்கனி எஞ்சினை நிறுத்தினார். சத்தம் நின்றதும் படகின் அடியில் தண்ணீர் அறைவது மட்டும் கேட்டது. அவர் ராடைத் தொடவில்லை. எழுந்து நடுப் பலகைக்கு வந்து, எதிரில் உட்கார்ந்தார்.

"சாரே, நீங்க பிச்சுமணி இல்ல," என்றார்.

பகவதிப்பெருமாளின் கை தானாக லைஃப் ஜாக்கெட்டின் வாரைப் பிடித்தது.

"பத்மகுமார் சாருக்க அண்ணன். சாரை எடுத்த அண்ணைக்குத் தைக்காட்டுல நான் வந்திருந்தேன். கேட்டுக்கு வெளியே நின்னு பாத்தேன். நீங்களாக்கும் எல்லாம் முன்ன நின்னு செய்தது. இண்ணைக்குக் காலைல கை தந்தப்பமே மனசிலாச்சு."

தெரிந்தும் ஏன் கூட்டி வந்தாய் என்று கேட்டார் பகவதிப்பெருமாள். ஒரு நாள் வருவீர்கள் என்று தெரியும், ஸ்டேஷனில் வைத்துக் கேட்பதற்கு இங்கே வைத்துக் கேட்பது நல்லதல்லவா என்றார் பிச்சைக்கனி.

பகவதிப்பெருமாள் பையிலிருந்து மடித்த தாள்களை எடுத்தார். வாக்குமூலத்தின் நகலையும் வாட்ச் பதிவின் பிரதியையும் அவர் முன்னால் நீட்டினார். "ஏழு அம்பத்திரண்டுக்கு அவனுக்கு நாடி நிண்ணிருக்கு. நீ ஒம்பது இருபதுண்ணு எழுதிக் குடுத்திருக்க. நடுவுல என்ன செய்தே? அதை மட்டும் சொல்லு."

பிச்சைக்கனி தாள்களை வாங்கிப் பார்த்தார். எண்களின் மேல் விரலை வைத்து ஒவ்வொன்றாகப் படித்தார். எட்டு இருபத்தைந்துக்கு வந்ததும் விரல் நின்றது.

பிறகு சொன்னார். அன்று காலை ஏழு நாற்பதுக்கு, இதே இடத்தில்தான், பத்மகுமார் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். படகை உடனே திருப்பினார். பாதி வழிகூட வராமல் நினைவு போய்விட்டது. ஹார்பர் வாய்க்கு வரும்வரை, அரை மணி நேரத்துக்கு மேல், நெஞ்சை அழுத்திக்கொண்டே வந்தோம் என்றார். ஒரு பயனும் இல்லை.

பகவதிப்பெருமாள் 'வந்தோம்' என்ற அந்த வார்த்தையில் நின்றார். முப்பது வருஷம் பத்திரங்களில் ஒரு எழுத்துப் பிசகைத் தேடிய மனிதர். எஞ்சினைப் பிடிக்கிற ஆள் நெஞ்சை அழுத்த முடியாது. எட்டு இருபத்தைந்து வரை இருந்த அந்தத் தாறுமாறான எண்கள் யாரோ ஒருவருடைய கை அழுத்திய அழுத்தம். அது இவருடைய கை இல்லை.

"வந்தோம்ணா யாரு? படகுல வேற யாரு உண்டாயிருந்தது?"

"அதை நான் சொல்லமாட்டேன்னு வாக்குக் குடுத்திருக்கேன்."

"யாருக்கு?"

"உங்க தம்பிக்கு."

பகவதிப்பெருமாளுக்குக் கோபம் வந்தது. இறந்தவன் மேல் பழியைப் போட்டுத் தப்பிக்கப் பார்க்கிறாயா, உன் லைசென்ஸை ஒழித்துக்கட்டாமல் விடமாட்டேன் என்று கத்தினார். கத்தும்போதே ஸ்மிதாவின் முகம் நினைவுக்கு வந்தது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு வேறு பக்கம் பார்த்த முகம். ஸ்மிதாவுக்குத் தெரியும். தனக்கு மட்டும்தான் தெரியாது. தனக்குத் தெரியக் கூடாத ஒரு ஆள் படகில் இருந்திருக்கிறான்.

அப்போதுதான் தம்பியை எடுத்த அன்று தைக்காட்டில் நடந்த ஒன்று அவர் மனதில் எழுந்து வந்தது. பாடையைத் தூக்க ஆள் கூப்பிட்டபோது அவருடைய மகன் பிரணவ் முன்னால் வரவில்லை. இரண்டு மணிக்கட்டும் வீங்கி, விரலை மடக்க முடியாமல் இருந்தான். ஆபீஸ் போகிற வழியில் பைக் சறுக்கிவிட்டது என்று சொன்னான். உடம்பில் வேறு ஒரு சிராய்ப்புக்கூட இல்லை.

"பிரணவா?" என்று கேட்டார்.

பிச்சைக்கனி தலையைக் குனிந்துகொண்டார். இனி மறைக்க ஒன்றும் இல்லை என்று ஆனதும் மெதுவாகப் பேசினார்.

"மாசம் ஒரு தடவை ரெண்டு பேரும் வருவாங்க, சாரே. மூணு வருஷமாச்சு. வலி வந்தப்ப சார் என் கையைப் பிடிச்சுக்கிட்டு ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாரு. பிள்ளை இங்க வந்தது எங்க அண்ணனுக்குத் தெரியண்டாம், தெரிஞ்சா அவனையும் வெளியே நிறுத்திருவாருண்ணு."

பிரணவோடு ஹார்பருக்கு வந்தால் போலீஸ் பெயர் கேட்கும், பேப்பரில் வரும். அதனால் அலைத்தடுப்புச் சுவருக்கு வெளியே எஞ்சினை அணைத்துவிட்டார். பிரணவ் வேறு கரையில் இறங்க ஒத்துக்கொள்ளவில்லை. சித்தப்பாவை விட்டுவிட்டுப் போகமாட்டேன் என்று நாற்பது நிமிஷம் உடம்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இறந்தவர் சொன்ன கடைசிச் சொல் அது, கேட்டுத்தான் ஆகவேண்டும் என்று பிச்சைக்கனிதான் வற்புறுத்தி, படகைத் தெற்கே ஓட்டி, அடிமலத்துறைக் கரையில் அவனை இறக்கிவிட்டார். அதன் பிறகு திரும்பி வந்து பொய் எழுதிக் கொடுத்தார்.

"சரியா தப்பாண்ணு எனக்கு இப்பளும் அறியில்ல," என்றார் பிச்சைக்கனி. "ஆனா உசிரு இருந்தப்ப ஒரு நிமிஷம்கூட நான் வீணாக்கல்ல. அதை நீங்க நம்பணும்."

நம்புவதற்கும் நம்பாமல் இருப்பதற்கும் நடுவில் பகவதிப்பெருமாள் உட்கார்ந்திருந்தார். திரும்பும் வழியில் வாட்சைப் பார்க்க நினைத்திருந்தார், மறந்துபோனார்.

கரையில் இறங்கியதும் நேராக ஆட்டோ பிடித்து, பிரணவ் வேலை பார்க்கும் டெக்னோபார்க்குக்குப் போனார். முக்கால் மணி நேரப் பயணம். ஆக்குளம் தாண்டும்போது மறுபடியும் சந்தேகம் தலை தூக்கியது. இது முன்கூட்டியே பேசி வைத்த கதையாக இருந்தால்? அந்த ஆள் இதற்குள் பிரணவுக்குப் போன் செய்திருந்தால்? கேட்டில் இறங்கி, காரணம் சொல்லாமல் மகனைக் கீழே வரச் சொன்னார்.

பிரணவ் கழுத்தில் அடையாள அட்டையோடு ஓடி வந்தான். அப்பாவின் சட்டையில் உப்புத் தண்ணீர் காய்ந்து வெள்ளைக் கோடாகப் படிந்திருந்தது. அதைப் பார்த்ததும் நடை நின்றுவிட்டது.

"பிச்சைக்கனிக்க போட்டுல போயிட்டு வரேன்," என்றார் பகவதிப்பெருமாள்.

பிரணவின் முகம் போன போக்கைப் பார்த்ததும் அவருக்கு எல்லாச் சந்தேகமும் தீர்ந்தது. யாரும் அவனுக்குப் போன் செய்திருக்கவில்லை. அவர்கள் எதிர்க்கடையில் ஓரமாக உட்கார்ந்தார்கள். பிரணவ் முதலில் மலையாளத்தில் ஏதோ தொடங்கி, நிறுத்தி, தமிழுக்கு வந்தான்.

"நான் அவரைத் தனியா விட்டுட்டு இறங்கிட்டேன்பா. அடிமலத்துறைல மணல்ல நின்னு போட்டு போறதையே பாத்துட்டு நின்னேன். அப்புறம் பஸ் புடிச்சு ஆபீஸுக்குப் போனேன். லேப்டாப்பைத் திறந்து வச்சுட்டு உக்காந்திருந்தேன். நீங்க போன் பண்ணி, சித்தப்பா போயிட்டார்னு சொன்னீங்க. அப்பதான் முதல் தடவையா கேக்கற மாதிரி பேசினேன்."

பகவதிப்பெருமாளுக்கு அந்தப் போன் நினைவிருந்தது. ஓ என்று மட்டும் சொன்னான் என்று அன்று மகன் மேல் வருத்தப்பட்டிருந்தார்.

என்னைப் பற்றி அவன் பேசுவானா என்று கேட்டார். கேட்கக் கூடாது என்று நினைத்தும் கேட்டுவிட்டார். பிரணவ் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தான். ஒவ்வொரு தடவையும் கேட்பார் என்றான். பிரஷர் மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா, கால் வலி எப்படி இருக்கிறது என்று. பாட்டி இறந்த அன்று போன் அணைந்தது வேண்டுமென்று செய்ததல்ல, உப்புத் தண்ணீர் பட்டுக் கெட்டுப்போனது. அதை ஒருநாள் நேரில் வந்து சொல்ல வேண்டும் என்றும் சொல்லிக்கொண்டிருந்தார்.

அம்மாவை எரித்த அன்று தைக்காட்டில் தம்பி எதையோ சொல்ல வாயெடுத்தது உண்மை. கேட்காதது பகவதிப்பெருமாள்தான். இத்தனை நாளாக அந்தப் படகுக்காரனைத் துரத்திக்கொண்டிருந்தவரையில் இதை நினைக்க வேண்டி வரவில்லை.

மகனின் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். வீக்கம் எப்போதோ வடிந்திருந்தது. பிரணவ் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

"லீவ் சொல்லிட்டு வா," என்றார். "நாம ஸ்மிதா வீட்டுக்குப் போவோம்."

பூஜப்புரையில் அவர்கள் போய்ச் சேர்ந்தபோது மூன்று மணி. அன்று பள்ளியில் ஏதோ காரணத்துக்கு மதியத்தோடு விட்டிருந்தார்கள். ஸ்மிதா கதவைத் திறந்து, அப்பாவும் மகனும் சேர்ந்து நிற்பதைப் பார்த்தாள். அவளுக்கு யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. கதவை முழுக்கத் திறந்துவிட்டு, சாப்பிட்டீர்களா என்று கேட்டாள். இல்லை என்றான் பிரணவ். அவள் அடுப்பைப் பற்ற வைக்க உள்ளே போனாள். பகவதிப்பெருமாள் சமையலறை வாசல்வரை அவள் பின்னாலேயே போய், இந்த நாலு வருஷத்தில் தம்பி எப்படி இருந்தான் என்று கேட்டார். அவள் அரிசியைக் களைந்துகொண்டே சொல்லத் தொடங்கினாள்.